முத்துச் சலாபமும் நம் கரைவலையும்

கடல் வற்றாத செல்வம் என்னும் எண்ணம் மிகப் பழையது. உழவன் விதைத்ததை அறுக்கின்றான். கடலிற் செல்வோனோ விதையாமலே அறுக்கின்றான். எனவே, அள்ள அள்ளக் குறையாத பாத்திரமாகக் கடலை மக்கள் கருதியதில் வியப்பில்லை. கற்றோரும் இவ்வெண்ணத்துக்கு விலக்கல்லர். 1883ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மீன்பிடிப் பொருட்காட்சியில் உரையாற்றிய தோமஸ் ஹக்ஸ்லி என்னும் உயிரியற் பேரறிஞர், பெருங்கடல் மீன்வளத்தை மனிதமுயற்சியால் வற்றச் செய்தல் இயலாதென்றே கூறினார். ஆயினும், ஆற்றுமீனும் சிப்பியும் அவ்வாறல்ல, அவை குறையக்கூடியன என அவரே விதிவிலக்கும் வகுத்தார். அவர் கூற்றின் முற்பகுதியை உலகம் மறவாது போற்றியது, பிற்பகுதியை மறந்துவிட்டது. முற்பகுதியும் பொய்த்தமையை 1992ஆம் ஆண்டு கனடா தேசம் கண்டது. நியூபவுண்ட்லாந்துக் கடலில் ஐந்து நூற்றாண்டுகளாகப் பிடிக்கப்பட்டுவந்த கொட் மீன் அருகிப்போக, அம்மீன்பிடியையே அவ்வரசு தடைசெய்ய வேண்டியதாயிற்று.

கனடா வரை செல்லல் வேண்டாம். மிகை அறுவடையால் ஒரு கடல்வளம் அடைந்த கதியை ஆண்டுதோறும் எண்ணிக் கணக்கெழுதி வைத்த இடம் நம் நாட்டிலேயே உண்டு. அதுதான் மன்னார்க் குடாவின் முத்துச் சலாபம். கல்முனைக் கரையில் வாழும் நமக்கு மன்னார் தொலைவானது. நம் கடலில் முத்துப் பார்களும் இல்லை. ஆயினும், கீழ்க்கரையில் இன்று நிகழ்வதை அறிய விழைவோர்க்கு மேற்கரையில் அன்று நிகழ்ந்ததைப் போன்ற பாடம் பிறிதொன்று கிடைப்பது அரிது. ஆதலின், அதனையே ஈண்டுச் சற்று விரித்துக் கூறுவாம்.

மன்னார்க் குடாவின் முத்து, வரலாறு எழுதப்படுமுன்னரே புகழ்பெற்றதாகும். பாண்டியரின் கொற்கைத் துறையைச் சங்கப் புலவர் பலர் பாடினர். கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற் பெரிப்புளூஸ்’ என்னும் கிரேக்க நூல், கொற்கையில் முத்துக்குளிக்கும் தொழிலிற் குற்றவாளிகளே ஏவப்பட்டனர் என்று கூறும். விசயன் மதுரைப் பாண்டியனாகிய தன் மாமனுக்கு ஆண்டுதோறும் முத்துக்களை அனுப்பிவந்தான் என்பது மகாவமிசக் கூற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழிச் சென்ற மார்க்கோ போலோ, பிடித்ததிற் பத்திலொரு பங்கு அரசனுக்கும், சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதிலொரு பங்கும் கொடுக்கப்பட்டதைக் குறித்துள்ளார். 1344இல் வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் தரம்பிரிக்கப்பட்டதைத் தாமே கண்டு எழுதினார். சிலாபம் என்னும் ஊர்ப்பெயரே சலாபம் என்பதன் திரிபு என்பாரும் உளர். இத்தனை நூற்றாண்டுகளிலும் சிப்பிகள் குறைந்த காலமும் நிறைந்த காலமும் மாறிமாறி வந்திருத்தல் வேண்டும். எனினும், பார்கள் அடியோடு ஒழிந்ததாக எவரும் எழுதிற்றிலர்.

இத்தொழிலில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம் குளியாளரும் தூத்துக்குடிக் கரையின் பரதவருமே பல நூற்றாண்டுகளாகச் சலாபத்தைத் தாங்கிநின்றனர். ஏறத்தாழ நாற்பது இறாத்தல் எடையுள்ள கல்லிற் காலை வைத்துக் கயிற்றைப் பற்றி, ஐந்து முதற் பத்துப் பாகம் வரையான ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிட அளவில் அகப்பட்ட சிப்பிகளைக் கூடையிற் சேர்த்து மேலெழுவர். இவ்வாறு ஒருவன் ஒருநாளிற் பல பத்துமுறை மூழ்குவான். சுறாவுக்கு மந்திரங் கட்டும் ‘கடற்கட்டி’கள் பிரித்தானியர் காலத்திலும் அரசாங்க ஊதியம் பெற்றனர். எமேர்சன் தெனன்ற் தம் காலத்திற் கண்ட கடற்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கராக இருந்தாராம். இந்துக்களும் முஸ்லிம்களும் அவர் மந்திரத்தை நம்பியே கடலில் இறங்கினர். சமயவேற்றுமை பேசித் திரியும் இக்காலத்தார் இதனைச் சற்று எண்ணிப்பார்த்தல் நன்று.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் 1658இல் அதனை அவர்களிடமிருந்து பறித்தனர். ஒல்லாந்தர் இலாபநோக்கில் எவர்க்கும் பின்தங்கியவரல்லர். ஆயினும், 1768ஆம் ஆண்டின்பின் ஆர்க்காட்டு நவாப்புடன் உரிமைப் பிணக்கு ஏற்பட்டமையால் இலங்கைப் பார்களிற் குளிப்பு நின்றுபோயிற்று. இருபத்தெட்டு ஆண்டுகள் கடல் ஓய்ந்து கிடந்தது. எவரும் வேண்டி அளித்த ஓய்வன்று அது. வழக்கினாற் கிடைத்த ஓய்வு. அதன் பயனை அடைந்தவரோ பிரித்தானியர்.

1795இல் மன்னார் அவர் கைக்கு வந்தது. 1796, 1797, 1798 ஆகிய மூன்றாண்டுகளிலும் அடுத்தடுத்துச் சலாபம் கூட்டினர். புதிதாகப் பெற்ற நாட்டை ஆளும் செலவுக்கு இப்பணம் பெரிதும் உதவிற்று. ஆனால், அதன்பின் பார்கள் வளங்குன்றிக் கிடந்தன. இருபத்தெட்டாண்டுச் சேமிப்பு மூன்றாண்டுகளிற் கரைந்தது. அக்காலத்தில் இலங்கையிலிருந்த ரொபேட் பேர்சிவல் என்னும் படைத்தலைவர், பார்களை மூன்று நான்கு பகுதிகளாக வகுத்து ஆண்டுக்கு ஒரு பகுதியிலேயே குளித்தால் ஏனைய பகுதிகளிற் சிப்பி வளர இடமுண்டாகும் என்னும் முறையை 1803இல் வெளிவந்த தம் நூலிற் குறித்திருக்கின்றார். ஆகவே, அறிவு இல்லாமையால் தவறு நேர்ந்தது என்பதற்கில்லை. அறிவு இருந்தது, பொறுமைதான் இருந்ததில்லை. ஆள்பதி நோர்த், அரிப்புக் கடற்கரையில் தூண்கள் அணிசெய்த மாளிகையொன்றைக் கட்டுவித்தார். சலாபத்தைக் கண்டு மகிழ எழுப்பிய அம்மாளிகையைக் கடலலை இன்று சிறிதுசிறிதாக உண்டுவருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இக்கதையே மீளமீள நிகழ்ந்தது. சில ஆண்டுகள் பெருவிளைவு. பின்னர் நீண்ட வறுமை. 1837ஆம் ஆண்டுச் சலாபத்தின்பின் 1855 வரை ஒன்றுமில்லை. 1891இல் பெருஞ்சலாபம், அதன்பின் 1903 வரை ஒன்றுமில்லை. ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். முத்துச் சிப்பி நான்காம் ஆண்டு முதல் முதிர்ந்து, ஆறு ஏழு ஆண்டளவில் தானே இறந்துவிடும் என்பதை அரசினர் அறிந்திருந்தனர். ஆகவே, பார்களைச் சோதிக்கும் அதிகாரி ஒருவரை நியமித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றில் அகப்படும் முத்தின் விலையை மதிப்பிட்டு, பின்னரே சலாபத்தை அறிவிப்பர். இது அறிவுக்குப் பொருந்திய முறையென்றே தோன்றும். ஆயின், இவ்வறிவிலிருந்தே ஒரு கேடும் பிறந்தது. ‘எப்படியும் சாகப்போகும் சிப்பியைக் கடலில் விடுவதேன்?’ என்னும் வாதம் எழுந்தது. முதிர்ந்த சிப்பியே மிகுதியாக முட்டையிடும் என்பதும், பார் ஒன்று வெறுமையானால் அங்கே புதுக்குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளப் பற்றுக்கோடு குறையும் என்பதும் அவ்வாதத்தில் இடம்பெறவில்லை. கருவூலத்துக்கு இனிக்கும் வாதம் எப்போதும் அரைவாதமாகவே இருத்தல் வரலாற்றில் நாம் பலவிடத்துங் காண்பதொன்று.

வருவாயின் பங்கீட்டையும் சொல்லல் வேண்டும். கரைக்கு வந்த சிப்பியில் மூன்றிலிரண்டு பங்கு அரசினர்க்கு. மூன்றிலொரு பங்கே உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்க்கும் தோணிக்காரர்க்கும். அரசின் பங்கு ‘கோட்டு’ என்னும் வேலியிட்ட கொட்டில்களில் எண்ணிக் குவிக்கப்பட்டு, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் முஸ்லிம் வணிகரும் ஏலங்கேட்டு நின்றனர். சிப்பி பிளந்து அதனுள் முத்து உண்டோ இல்லையோ என்பது அவர்க்குச் சூது; அரசினர்க்கோ உறுதியான வருவாய். பார் ஒழிந்த ஆண்டுகளில் அரசுக்கு வேறு வரிகள் இருந்தன. கீழக்கரைக் குளியாளனுக்கு வேறு கடல் இருந்ததில்லை.

சிப்பியின் இயல்பை ஆராயும் முயற்சியும் நடவாமலில்லை. இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலாட் என்பவர் 1857 முதற் சில ஆண்டுகள் அரசின் ஏவலால் ஆராய்ந்து, சிப்பி தன் பற்றுநாரை அறுத்துக்கொண்டு இடம்பெயரும் எனவும், முத்து உண்டாவதில் ஒட்டுண்ணிப் புழுக்களுக்குப் பங்குண்டு எனவும் எழுதினார். நுண்மையான இவ்வாய்வு, அவர் 1860இல் இறந்ததும் தளர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்குமேற் கழிந்து, 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேட்மன் வரவழைக்கப்பட்டார். அவருடன் ஜேம்ஸ் ஹோர்னெல் வந்தார். அவர்தம் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. நாடாப்புழுவின் இளம் வடிவமே முத்துக்குக் கரு என ஹேட்மன் முடிவுசெய்தார். பிற்காலத்தார் இதனை முற்றும் ஏற்கவில்லை. ஆயினும், பார்களைப் பற்றி அவர் கண்டவை இன்றும் பயனுடையன. ‘பெரிய பார்’ எனப்படும் இடத்தில் இளஞ்சிப்பி கோடிக்கணக்கில் வந்து படிவதும், பருவக்காற்றின் அலைகளால் அது முழுவதும் அடித்துச்செல்லப்படுவதும் பலமுறை நிகழ்ந்தவை. அங்கே படிந்த குஞ்சுகளை எடுத்துப் பாதுகாப்பான பார்களில் இடவேண்டும், வெறும் மணற்றரையிற் கல்லும் சிப்பியோடும் பரப்பிப் பற்றிடம் அமைக்கவேண்டும் என அவர் அறிவுறுத்தினார். கடலுக்கு உழவு கற்பித்த அறிவுரை எனலாம்.

அந்த அறிக்கை அச்சேறிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே நடந்ததை நோக்குக. 1903இல் நான்கு கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். 1904இலும் ஏறத்தாழ அவ்வளவே. 1905இல் 8 கோடி 15 இலட்சம் சிப்பிகள். அரசுக்கு வந்த பணம் 25 இலட்சம் ரூபா. அதற்கு முன்னும் பின்னும் அத்தகைய சலாபம் நடந்ததில்லை. மறிச்சுக்கட்டிக் காட்டுக் கரையில் ஒரு நகரமே எழுந்தது. ஏறத்தாழ 5,000 குளியாளர் மூழ்கினர். பாரசீகக் குடாவிலிருந்து அராபியரும் வந்து, மூக்கைக் கொம்புக் கவ்வியால் அடைத்துக்கொண்டு தமிழ்க் குளியாளருடன் போட்டியிட்டனர். கடல் இவ்வாறு வழித்தெடுக்கப்பட்ட பின்னர், 1906 தொடக்கம் இருபது ஆண்டுகளுக்கு இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்னும் இலண்டன் நிறுவனத்துக்கு, ஆண்டுக்கு 310,000 ரூபா குத்தகைக்கு அரசு பார்களை ஒப்படைத்தது. அரசினர் பெரிதும் கெட்டிக்காரர் என்பதில் ஐயமில்லை. 1906இன் சலாபத்தை மேற்பார்த்த இளம் அதிகாரிகளுள் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வுல்வ். அவ்வாண்டும் பெருந்தொகைச் சிப்பி கிடைத்தது, 1907இல் அது மூன்றிலொன்றளவாகச் சுருங்கிற்று, அதன்பின் ஒன்றுமேயில்லை. கம்பனி 1912இல் கலைக்கப்பட்டது. 1925இல் மீண்டும் ஒரு சலாபம் கூடியது. பின்னர் மறிச்சுக்கட்டியில் ஏலக்குரல் கேட்டதில்லை. எதிர்க்கரையில் தூத்துக்குடியிலும் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு அத்தொழில் முடிந்தது.

இனி, இவ்வழிவுக்கு மனிதன் கையே காரணமா என்னும் வினா எழும். இல்லையென்பார் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. உடுமீனும் திருக்கையும் சிப்பியைத் தின்கின்றன. மணல் பெயர்ந்து பாரை மூடுகின்றது. நெருங்கிப் படிந்த சிப்பிகள் ஒன்றையொன்று நெருக்கிச் சாகின்றன. ஒருவரும் குளியாத பார்களும் ஓராண்டில் வெறுமையாயினமைக்குச் சான்றுகள் உள. 1952இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட எஸ். அருணாசலம் அவர்களின் தமிழகக் கரை முத்துக்குளிப்பு வரலாற்றைப் படிப்போர், வளமும் வறுமையும் மாறிவருதல் மிகப்பழைய இயல்பென்பதைக் காண்பர். ஆயினும், என் துணிபு வேறு. இயற்கையால் நேரும் தாழ்வு ஒருபால் இருக்க, மேடான காலங்களிலெல்லாம் அடிவரை வழித்தெடுத்தமையால், தாழ்விலிருந்து மீள்வதற்கு வேண்டிய வித்து எஞ்சாது போயிற்று. நெற்களஞ்சியம் எலியாலும் குறையும், உழவன் உண்பதாலும் குறையும். விதைநெல்லையும் குற்றியுண்டவன் எலியைப் பழித்தல் முறையன்று.

பாரசீகக் குடாவின் கதையோ வேறு. அங்கே சிப்பி ஒழியவில்லை, விலை ஒழிந்தது. யப்பானில் மிகிமோட்டோ 1893இல் தொடங்கிய வளர்ப்பு முத்து, 1920ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையை நிறைக்க, பஹ்ரைனிலும் குவைத்திலும் குளியாளர் கடனில் மூழ்கினர். அவர்க்குப் பின்னர் எண்ணெய் கிடைத்தது. கீழக்கரையார்க்கும் மன்னார்க் கரையார்க்கும் அதுவுமில்லை.

நிற்க. நம் கரைக்கு வருவோம். மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வரையும் தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் உரசிச் செய்துவந்த தொழில் கரைவலை. தோணியில் வலையை ஏற்றிக் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரு தலைப்பிலும் கயிற்றைப் பற்றிக் கரையில் நின்று இழுப்பதே அதன் முறை. சூடை, நெத்தலி, கீரி, பாரை முதலிய மீன்கள் கரையை நாடி வந்தால் உண்டு. வாராவிடில் வெறும் மடி. வாடைக் காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரை கடல் கொந்தளிக்கும், வலை ஏறாது. மாசி, பங்குனியிற் கடல் அடங்கியபின்பே பாடு தொடங்கும். ஆகவே, இக்கரையின் மீனுக்கு ஆண்டுதோறும் ஓய்வு உண்டு. ஒரே பாட்டில் வலைகள் பலவாயின் முறைவைத்தே வளைப்பர். பின்னாளில் 1984ஆம் ஆண்டுக் கரைவலை ஒழுங்குவிதிகள் இம்முறைமைக்குச் சட்டவடிவம் தந்தன. சிறு கண்ணுள்ள மடியிற் குஞ்சுகளும் அகப்படும் என்பது கரைவலையின் குறையே. அதனை மறைத்தல் ஆகாது. எனினும், கை இழுக்கும் அளவும் காற்று விடும் அளவுமே அதற்கு எல்லை.

அவ்வெல்லைகள் ஒவ்வொன்றாய் நீங்கியமையே அண்மைக்கால வரலாறு. 1958 முதல் அரசு இயந்திரப் படகுகளை வழங்கிற்று. பருத்தி நூல் போய் நைலோன் வந்தது. பின்னர்க் கண்ணாடியிழைப் படகும் பலநாட்கலமும் வந்தன. கிழக்கே கண்டமேடை குறுகியது. கரையிலிருந்து சில மைல் சென்றதும் ஆழ்கடல். எனவே, மேடையில் வாழும் மீன்கள் ஒரு சிறு தட்டில் இட்ட சோறு போல்வன. அத்தட்டைச் சுற்றி அமர்வோர் தொகை பெருகிற்று. நோர்வேயின் ‘நான்சன்’ ஆய்வுக்கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கையைச் சுற்றி ஆராய்ந்து தந்த மதிப்பீட்டின்படி, கரையோரக் கடலிலிருந்து ஆண்டுக்கு 250,000 தொன் மீனே வளங்குன்றாமற் பிடிக்கத்தக்கது. அப்பெயருடைய புதுக்கப்பல் 2018இல் மீண்டும் வந்து நோக்கியபோது, மீன்திரள் முன்னையினும் பெரிதுங் குறைந்திருக்கக் கண்டது.

இடையில் இரு பெருநிகழ்ச்சிகள் உள. ஒன்று 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை. இலங்கையில் உயிரிழப்பு மிக்க மாவட்டம் அம்பாறையே. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு அழிந்தும் பழுதுற்றும் போயிற்று. உலகம் இரங்கிற்று, படகுகள் வந்து குவிந்தன. சிறு படகுகள் பலவிடத்தும் இழந்தவற்றினும் மிகுந்தன. முன்னொருபோதும் கடலிற் செல்லாதவர்க்கும் படகு கிடைத்தது. படகை எண்ணியவர் மீனை எண்ணிற்றிலர். இரக்கத்தைக் குறைகூறல் என் கருத்தன்று. ஆனால், இரக்கமும் கருவூலப் பேராசையும் கடலைப் பொறுத்தவரை ஒரே வேலையைச் செய்தல் கூடும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

மற்றொன்று போர். 1983 முதல் 2009 வரை வடக்குக் கிழக்குக் கடலில் பாதுகாப்புத் தடைகள் வந்தும் போயும் இருந்தன. இதனை ஒல்லாந்தர் காலத்து இருபத்தெட்டாண்டு ஓய்வோடு ஒப்பிடலாமோ எனின், முற்றும் ஒவ்வாது; நம் கரையிற் கடல் ஒருபோதும் முழுதாய் ஓய்ந்ததில்லை. ஆயினும், தடை நீங்கியதும் நிகழ்ந்தது 1796ஐ நினைவூட்டாமற் போகாது. தங்கூசி வலை, வெளிச்சம் பாய்ச்சிப் பிடித்தல், வெடி ஆகியன சட்டத்துக்கு மாறாகப் புகுந்தன; சில கரைகளிற் கரைவலையையே உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலி இழுக்கின்றது. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் கடலடியை வாரும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. அது நற்செயலே. ஆயின், முத்துச் சிப்பி ஓரிடத்தில் ஒட்டிக்கிடப்பது, ஆளனுப்பி எண்ணலாம். சூடைமீனை எவ்வாறு எண்ணுவது? கரைக்கு வந்தபின்பே அதன் கணக்குத் தெரியும். அதுவும் ஒவ்வொரு மடியும் எழுதப்பட்டால்.

கரைவலைக்கு மீன் மட்டும் போதாது. நின்று இழுக்கக் கரையும் வேண்டும். 2008இல் தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாய் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. மணல் தெற்கே குவிந்து துறைமுக வாயிலை அடைத்தது; வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் கரை கரைந்து, தென்னைகள் கடலிற் சாய்ந்தன. முன்பு பாடு வளைத்த இடங்கள் சிலவற்றில் இன்று தோணியை ஏற்றிவைக்கவும் மணலில்லை.